மூணாவது மாசத்தைத் தாண்டுறது எப்படி? தனியா ஜப்பானிய மொழி கத்துக்கறவங்களுக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

 

புது மொழி கத்துக்கறதைப் பத்திப் பேசுங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுல ஒரு மெயில் மட்டும் மனசுலயே நின்னுடுச்சு. அனுப்பினவங்க பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்காங்க. விஷயம் இதுதான்: அவங்களுக்கு ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. ஜப்பான்ல முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகணும்னு ஆசை. கிளாஸுக்குக் காசும் ஒத்து வரல, நேரமும் ஒத்து வரல. தானா ஆரம்பிச்சாங்க. ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் மூணாவது மாசத்துல நின்னு போச்சு. கடைசி வரில எழுதியிருக்காங்க, 'எனக்கு மொழியே வராதோன்னு தோணுது.'

இந்த எபிசோட் முழுக்க அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில். மூணு மாசம் படிச்சவங்களுக்கு மொழி வராதுன்னு சொல்ல முடியாது. பழக்கம் இன்னும் உட்காரல, அவ்வளவுதான். மொழி வராதுன்னா நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. பழக்கம் உட்காரலன்னா, உட்கார வைக்க வழி இருக்கு. நான் ஜப்பானிய மொழியை வச்சுப் பேசறேன். ஜெர்மனோ கொரியனோ படிக்கறவங்க உங்க மொழிக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம்

'முப்பது நாள்ல சரளமா பேசலாம்'னு வர்ற விளம்பரத்தை எல்லாம் தள்ளி வைங்க. ஜே.எல்.பி.டி.ன்னு ஒரு தேர்வு இருக்கு. 1984ல ஆரம்பிச்சது. வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூலையிலயும் டிசம்பர்லயும் நடக்குது. சென்னையிலயும் எழுதலாம். என்5ங்கறது அடிப்படை, என்1ங்கறது உச்சம். 'குறிப்பிட்ட திறன் பணியாளர்' விசால போறவங்களுக்கு மொழித் தகுதியா என்4, இல்லன்னா ஜே.எஃப்.டி. பேசிக்னு ஒரு தேர்வு தேவைப்படும். பராமரிப்பு வேலைன்னா திறன் தேர்வு தனி, பராமரிப்புக்கான ஜப்பானிய மொழித் தேர்வு தனி.

2009 வரைக்கும் இருந்த பழைய தேர்வு முறையில ஒரு உத்தேசக் கணக்கு கொடுத்திருந்தாங்க. இப்போதைய என்5க்குச் சமமான நிலைக்குச் சுமார் 150 மணி நேரப் படிப்பு, 800 வார்த்தை, 100 கான்ஜி. என்4க்குச் சமமான நிலைக்கு 300 மணி நேரம், 1500 வார்த்தை, 300 கான்ஜி.

இப்ப நம்ம கணக்கு. ஒரு நாளைக்கு 25 நிமிஷம்னா வருஷத்துக்கு 152 மணி நேரம். அதாவது என்5 பக்கத்துல வந்துடறீங்க. 50 நிமிஷம்னா ஒரே வருஷத்துல என்4 பக்கம். ஆசிரியர் இல்லாம படிக்கறதால கொஞ்சம் கூடவே ஆகலாம், அதையும் சேர்த்து வச்சுக்கோங்க. வார்த்தைக் கணக்கும் பாருங்க. தினமும் அஞ்சே அஞ்சு புது வார்த்தைன்னா 300 நாள்ல 1500. அஞ்சு! ஐம்பது இல்ல.

'அப்ப ஞாயித்துக்கிழமை ஒரேயடியா மூணு மணி நேரம் உட்கார்ந்துடலாமே'ன்னு கேப்பீங்க. நேரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பலன் ஒண்ணு இல்ல. ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன் உளவியலாளர், அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு சீக்கிரம் மறக்குதுன்னு அளந்து 1885ல புத்தகமா போட்டார். மறதி முதல் ஒரு நாளுக்குள்ளயே வேகமா நடக்குது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தா நினைவு நிக்குதுங்கறதுதான் அவர் காட்டினது. ஞாயித்துக்கிழமை படிச்சது அடுத்த ஞாயிறு வரைக்கும் உங்களுக்காகக் காத்திருக்காது.

தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இருக்கற சாதகம்

ஆங்கிலத்துல இருக்கற வீடியோ எல்லாம் 'ஜப்பானிய மொழி ரொம்பக் கஷ்டம், வாக்கியமே தலைகீழா இருக்கும்'னு பயமுறுத்தும். அவங்களுக்குத் தலைகீழ். நமக்கு நேர்.

'நான் நேத்து நண்பனோட தோசையைச் சாப்பிட்டேன்.' இதை ஜப்பானிய மொழில சொன்னா: வதாஷி வா, கினோ, தொமோதாச்சி தோ, தோசை ஓ, தபேமாஷிதா. ஒவ்வொரு சொல்லும் அதே வரிசை. நண்பன் பின்னாடி 'ஓட', அங்க 'தோ'. தோசை பின்னாடி 'ஐ', அங்க 'ஓ'. வினை கடைசில. வேற்றுமை உருபுன்னு எட்டாவதுல படிச்சதெல்லாம் இங்க உதவிக்கு வருது.

இன்னொண்ணு. 'சாப்பிட்டுப் பாரு'ன்னு சொல்றோம் இல்ல, 'பாரு'ன்னா அங்க கண்ணால பார்க்கறது இல்ல, முயற்சி பண்றது. ஜப்பானிய மொழிலயும் 'தபேதே மிரு'. தபேதேன்னா சாப்பிட்டு, மிருன்னா பார். அப்படியே! 'வாங்கி வை'ங்கறதுக்கு 'கத்தே ஓகு'. ஓகுன்னாலும் வைக்கறதுதான். இது அது எதுங்கறதுக்கு கோரே, ஆரே, தோரே. நடுவுல 'சோரே'ன்னு ஒண்ணு இருக்கு, கேக்கறவர் பக்கத்துல இருக்கற பொருளுக்கு. நம்ம பழைய 'உது'வை ஞாபகப்படுத்தும். யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு அதைச் சொல்லியே கொடுக்க வேண்டாம். நாம 'பளபள'ன்னா அவங்க 'கிரா கிரா'. நெஞ்சு நமக்கு 'படபட'ன்னா அவங்களுக்கு 'தொகி தொகி'.

இதை வச்சு 'ஜப்பானிய மொழி தமிழ்ல இருந்து வந்தது'ன்னு வாட்ஸ்அப்ல வரும். சுசுமு ஓனோங்கற ஜப்பானிய அறிஞர் ரெண்டு மொழிக்கும் உறவு இருக்குன்னு நிஜமாவே வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏத்துக்கல. நமக்கு அந்தச் சண்டை வேண்டாம். அமைப்பு ஒத்துப்போகுது, அது படிக்கறதுக்கு உதவுது, அது போதும்.

ஒரே ஒரு இடத்துல தமிழ் நம்மளை மாட்டி விட்டுடும். எழுத்து. ஜப்பானிய வார்த்தையைத் தமிழ்ல எழுதி வச்சுப் படிக்காதீங்க. தங்கத்துக்கு அங்க ஒரு வார்த்தை, வெள்ளிக்கு ஒரு வார்த்தை. தமிழ்ல எழுதினா ரெண்டுமே 'கின்'. ஒண்ணுல 'கண்'ல வர்ற க, இன்னொண்ணுல 'சங்கு'ல வர்ற மாதிரி அழுத்தின க. நம்ம எழுத்துல ரெண்டுக்கும் ஒரே உருவம். நகைக்கடையில போய் நின்னா வம்புதான். அதனால முதல் ரெண்டு மூணு வாரம் ஹிரகானாவுக்கு மட்டும் கொடுங்க. அடிப்படை எழுத்து 46. உயிர்மெய் 216ஐப் பார்த்தவங்க நாம. அதுக்கப்புறம் கடகானா, அதுவும் 46.

பதிலுக்குக் குறில் நெடில் நமக்குத் தானா வரும். 'ஒபசான்'னா அத்தை, 'ஒபாசான்'னா பாட்டி. மத்த நாட்டுக்காரங்க இதுல தடுமாறுவாங்க. 'கல்', 'கால்'னு சொல்லி வளர்ந்த நமக்குக் காது ஏற்கனவே தயார்.

நேரத்துல மாட்டாதீங்க, வேலையில மாட்டுங்க

சரி, பழக்கத்துக்கு வருவோம். 'தினமும் காலைல ஆறு மணிக்குப் படிப்பேன்'னு முடிவெடுக்கறது ரொம்பப் பேர் செய்யறது. ஷிஃப்ட் மாறினா, ஊருக்குப் போனா, ஒரு நாள் தூங்கிட்டா, ஆறு மணி போயிடும். அதோட அன்னைக்குப் படிப்பும் போயிடும்.

அதுக்குப் பதிலா, எந்த ஷிஃப்ட்டா இருந்தாலும் நீங்க கண்டிப்பா செய்யற ஒரு வேலையோட படிப்பைக் கட்டிப் போடுங்க. அடுப்புல பாலை வச்ச உடனே கார்டு. பஸ்ல உட்கார்ந்த உடனே ஆடியோ. ஃபோனைச் சார்ஜர்ல போடறதுக்கு முன்னாடி மூணு வரி எழுத்து. தூங்கி எழுந்து டீ போடற நேரம் காலைல ஆறா இருக்கலாம், சாயங்காலம் நாலா இருக்கலாம். டீ மட்டும் மாறாது.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? 21 நாள்னு எல்லாரும் சொல்வாங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலியும் அவங்க குழுவும் 96 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணி வெளியிட்டாங்க. சராசரியா 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற: நடுவுல ஒரு நாள் விட்டுப்போனதால பழக்கம் உருவாகறது பெருசா பாதிக்கப்படல. 'ஒரு நாள் விட்டாச்சு, எல்லாம் போச்சு'ன்னு நினைக்கறது நம்ம கற்பனை.

நாலு பழக்கம்

ஒண்ணு, டீயோட கார்டு. பத்து நிமிஷம். ஆங்கி மாதிரி இலவச ஆப் போதும். கஷ்டமான கார்டை அடிக்கடியும், தெரிஞ்ச கார்டை எப்பவாவதும் காட்டும். புதுக் கார்டு நாளைக்கு அஞ்சுன்னு செட்டிங்ஸ்ல பூட்டி வைங்க. முதல் வாரம் உற்சாகத்துல முப்பது முப்பதா சேர்த்தா, அது எல்லாம் ரெண்டாவது மாசம் கடன்காரன் மாதிரி வாசல்ல வந்து நிக்கும். தனி வார்த்தையைவிடச் சின்ன வாக்கியமா போடுங்க. 'தண்ணி'ன்னு போடறதைவிட 'தண்ணி குடிக்கறேன்'னு போட்டா உருபும் வினையும் சேர்ந்து வரும்.

ரெண்டு, பயணத்துல காது. தினமும் புதுசு புதுசா கேக்காதீங்க. ரெண்டு நிமிஷ உரையாடல் ஒண்ணை எடுத்து, ஒரு வாரம் முழுக்க அதையே கேளுங்க. திங்கக்கிழமை இரைச்சலா இருக்கும். புதன்கிழமை வார்த்தை பிரியும். சனிக்கிழமை அவங்க சொல்றதுக்கு முன்னாடி உங்க வாய் சொல்லும். ஜப்பான் ஃபவுண்டேஷனோட 'இரோதோரி' பாடப்புத்தகமும் ஆடியோவும் இணையத்துல இலவசம். ஜப்பான்ல வேலை செய்யறவங்களோட அன்றாடப் பேச்சை வச்சே எழுதினது. டூவீலர் ஓட்டறவங்க ஹெட்செட் வேண்டாம் ப்ளீஸ். உங்களுக்கு வீட்டுக்குப் போனதும் மொட்டை மாடி.

இது தேர்வுக்கும் முக்கியம். என்5, என்4 ரெண்டுலயும் மொத்தம் 180 மார்க், அதுல கேட்டல் 60. மொத்தத்துல என்5க்கு 80, என்4க்கு 90 எடுக்கணும். ஆனா கேட்டல்ல மட்டும் 19க்குக் கீழ போனா, மத்ததுல எவ்வளவு எடுத்திருந்தாலும் ஃபெயில். புத்தகத்தை மட்டும் படிக்கறவங்க மாட்டிக்கற இடம் இது.

மூணு, பாடப்புத்தகம் பத்து நிமிஷம். ஒரே புத்தகம். 'மின்னா நோ நிஹொங்கோ'வா இருக்கட்டும், 'கெங்கி'யா இருக்கட்டும், 'இரோதோரி'யா இருக்கட்டும், ஒண்ணு. மூணு புத்தகத்துல முதல் அஞ்சு பாடம் முடிச்சவங்க நிறைய பேர் இருக்காங்க. மூணுலயும் அதே 'இது பேனா' தான்.

நாலு, தூங்கறதுக்கு முன்னாடி மூணு வரி. நோட்டுல, கையால. இன்னைக்கு என்ன சாப்பிட்டேன், எங்க போனேன், நாளைக்கு என்ன செய்யணும். எழுதினதைச் சத்தமா ஒரு தடவை படிங்க. வார்த்தை தெரியலன்னா அந்த இடத்துல தமிழ்லயே எழுதிட்டுப் போங்க. மறுநாள் அதுதான் உங்க புதுக் கார்டு. கார்டுல எந்த வார்த்தையைப் போடறதுன்னு யோசிக்கவே வேண்டாம், உங்க வாழ்க்கையே பட்டியல் கொடுக்கும். பராமரிப்பு வேலைக்குப் போறவங்க 'பாட்டிக்கு மருந்து கொடுத்தேன்', 'முதுகு வலிக்குதா'ன்னு வீட்ல நடக்கறதையே எழுதலாம்.

சுமாரான நாளுக்கு ஒரு அளவு

காய்ச்சல் வரும். கல்யாணம் வரும். ரெண்டு ஷிஃப்ட் சேர்ந்து வரும். அந்த நாளுக்குன்னு ஒரு 'காய்ச்சல் நாள் அளவு' இப்பவே எழுதி வச்சுக்கோங்க. அஞ்சு கார்டு, ஒரு வரி. மூணே நிமிஷம். அன்னைக்கு இதைச் செஞ்சா முழு மார்க். இதுல ஏமாத்து வேலை ஒண்ணும் இல்ல. கயிறு அறுந்துடாம பிடிச்சுக்கறோம், அவ்வளவுதான்.

அதையும் மீறிப் பத்து நாள் விட்டுப்போச்சு, ஆப்பைத் திறந்தா 240 கார்டு நிக்குது. இந்த இடத்துலதான் பலர் ஆப்பையே அழிச்சுடறாங்க. புதுக் கார்டைப் பூஜ்யமா மாத்துங்க. பழசு நாளைக்கு முப்பதுன்னு வரம்பு வைங்க. பாக்கி மெதுவா கரையும். 240ஐயும் ஒரே ராத்திரில முடிக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

மூணாவது மாசத்துல என்ன நடக்குது?

முதல் மாசம் எழுத்து படிக்கறோம். கடைப் பலகை, அனிமே டைட்டில் எல்லாம் படிக்க வருது. சந்தோஷம் கண்ணுக்குத் தெரியுது. ரெண்டாவது மாசம் வணக்கம், நன்றி, இது என்ன, எவ்வளவு. மூணாவது மாசம் வினைச்சொல் உருமாற ஆரம்பிக்குது. 'மின்னா நோ நிஹொங்கோ' புத்தகத்துல 14ஆவது பாடத்துல 'தே' வடிவம் வரும். குடிக்கறதுக்கு நொந்தே, எழுதறதுக்கு கைதே, போறதுக்கு இத்தே. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. இங்க வேகம் குறையும். முதல் மாசம் மாதிரி 'இன்னைக்கு இவ்வளவு கத்துக்கிட்டேன்'னு காட்ட எதுவும் இருக்காது. அதே நேரத்துல பழைய கார்டும் குவிஞ்சிருக்கும். நமக்கு மொழி வராதுன்னு தோணறது இந்தச் சந்திப்புலதான்.

முதல்ல அந்த 'தே' வடிவத்தைப் பாருங்க. நம்ம வினையெச்சம்தான் அது. குடிச்சு, எழுதி, போய். இதுலயும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரிதான், நில் எப்படி நின்னு ஆச்சுன்னு நாம யாரும் விதி படிச்சுக் கத்துக்கல. கேட்டுக் கேட்டு வந்தது. 'வீட்டுக்குப் போய், குளிச்சு, சாப்பிட்டு, தூங்கினேன்'னு தினமும் ராத்திரி எழுதற அந்த மூணு வரில இதை ரெண்டு வாரம் எழுதுங்க. உட்கார்ந்துடும்.

அப்புறம், வளர்ச்சியைப் பார்க்கற இடத்தை மாத்துங்க. ஆப்ல இருக்கற நெருப்புச் சின்னம் 90 நாள் வந்தேன்னு சொல்லும், என்ன தெரியும்னு சொல்லாது. அதுக்குப் பதிலா மாசம் முதல் தேதி உங்க ஃபோன்ல ஒரு நிமிஷம் ஜப்பானிய மொழில பேசிப் பதிவு பண்ணுங்க. யாருக்கும் அனுப்ப வேண்டாம். மூணாவது மாசம் முதல் மாசப் பதிவைக் கேளுங்க. அது போதும்.

வாயைத் திறக்காம முடியாது

ஒண்ணு நினைவுல இருக்கட்டும். ஜே.எல்.பி.டி.ல பேச்சுத் தேர்வே கிடையாது. கட்டுரையும் கிடையாது. எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கறதுதான். அதனால என்4 சான்றிதழ் கையில இருக்கும், இண்டர்வியூல 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ன்னா வாய் ஒட்டிக்கும். சான்றிதழ் விண்ணப்பத்துக்கு. வேலைக்கு வாய். ராத்திரி மணி அடிச்சுக் கூப்பிடற பாட்டி நாலு விடை கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டாங்க.

தனியா படிக்கறதுன்னா தனியாவே இருக்கணும்னு அர்த்தம் இல்ல. மாசம் ரெண்டு தடவையாவது ஒரு மனுஷன்கிட்ட பேசுங்க. கூடப் படிக்கற ஒருத்தரா இருக்கலாம், இணையத்துல மொழி பரிமாற்றம் பண்றவரா இருக்கலாம், காசு கொடுத்து அரை மணி நேரம் ஒரு ஆசிரியரா இருக்கலாம். உங்க மூணு வரி நோட்டை அவங்ககிட்ட காட்டித் திருத்திக்கோங்க.

அனிமே பார்க்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. சப்டைட்டிலோட பார்த்தா கண்ணு படிக்கும், காது தூங்கும். பார்த்த சீனையே ஒரு தடவை சப்டைட்டில் இல்லாம பாருங்க. அதுல வர்ற 'ஓரே', 'ஒமாயே' எல்லாம் நண்பர்களுக்குள்ள, இல்லன்னா சண்டையில. மேனேஜரைப் பார்த்து 'ஒமாயே'ன்னா, நம்ம ஊர்ல 'டேய் நீ'ன்னு கூப்பிட்ட மாதிரி. நீ எப்போ, நீங்க எப்போன்னு தெரிஞ்சு வளர்ந்தவங்க நாம. மரியாதைப் பேச்சோட ஆரம்பிச்சா வம்பில்ல.

இன்னைக்கு ராத்திரி செய்ய வேண்டியது

மூணே மூணு. ஒரு நோட்டு எடுங்க. முதல் பக்கத்துல 'எந்த வேலையோட எதைக் கட்டப் போறேன்'னு எழுதுங்க, டீயோட கார்டு, பஸ்ஸோட காதுங்கற மாதிரி. அதுக்குக் கீழ உங்க காய்ச்சல் நாள் அளவை எழுதுங்க. அப்புறம் இன்னையில இருந்து 66ஆவது நாள் என்ன தேதின்னு எண்ணி அதையும் எழுதுங்க. அந்தத் தேதி வரைக்கும் 'எனக்கு வருமா வராதா'ங்கற கேள்விக்கு லீவு. ஏற்கனவே ஆரம்பிச்சு நின்னவங்க முதல் பாடத்துக்குத் திரும்பிப் போக வேண்டாம். எங்க நின்னீங்களோ, அதுக்கு ரெண்டு பாடம் முன்னாடி இருந்து எடுங்க.

நீங்க எந்த மொழி படிக்கறீங்க, எந்த வேலையோட கட்டிப் போட்டீங்கன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கறேன். அதுவரைக்கும், மாத்தா நே! திரும்பப் பார்ப்போம்.